முதுகில் இரண்டு கோடு போட்ட கத்தி

கல்லுக்காரிக்குக் கோபம் வந்தால் வாயைத் திறக்கமாட்டாள். கல்லை நனைத்து வைத்துக்கொண்டு எதையாவது தீட்ட ஆரம்பித்துவிடுவாள். அன்றைக்குக் காலையில் தையல்கடைக் கத்தரிக்கோல், இறைச்சிக்கடை வெட்டுக்கத்தி, ஓட்டல்காரர் துணியில் சுற்றிப் போட்டுவிட்டுப் போன கத்திக்கட்டு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தீட்டித் தள்ளினாள். கோபம் யார் மேல் என்று கேட்டிருந்தால் சொல்ல வெட்கப்பட்டிருப்பாள். அவள் மேலேயேதான் கோபம். அவள் தீட்டிக் கொடுத்த சவரக்கத்தி அவள் புருஷன் கழுத்தில் மறுபடியும் கோடு போட்டிருந்தது.

கல்லுக்காரி என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை, தெரு வைத்த பேர். சக்கரச் சாணை வைத்திருந்த வேறு ஆட்கள் ஊரில் இருந்தார்கள். பொறி பறக்கும், சத்தம் காதைக் கிழிக்கும், வேலை சட்டென்று முடியும், கத்தியும் சீக்கிரமே சாகும். இவள் சக்கரத்தின் பக்கமே போகமாட்டாள். சமையலறைக்குப் பின்னால் ஒரு நீள அறை, ஜன்னலை ஒட்டி மேஜை, மேஜை மேல் ஈரத்துணி, துணி மேல் கல். முரட்டுக் கல், நடுக்கல், நைசுக் கல், எல்லாவற்றுக்கும் கடைசியாக ஒரு மஞ்சள் கல். அந்த மஞ்சள் கல்லில் ஏறி இறங்கிய சவரக்கத்தியை முன்கை முடியில் சும்மா காட்டினாலே போதும், முடி தானாகத் தெறித்து விழும். இதில் அவளுக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்ன கொஞ்சம், நிறையவே உண்டு.

புருஷன் லாரி ஓட்டியவர். குரல் என்றால் அப்படி ஒரு குரல். தெருமுனையில் நின்று பேசினால் வீட்டுக்குள் பாத்திரம் அதிருமாம். அதனால் அவருக்குத் தெரு வைத்த பேர் ஹார்ன். பக்கவாதம் வந்து வலது கையையும் வலது காலையும் எடுத்துக்கொண்டதோடு அந்தக் குரலையும் வாரிக்கொண்டு போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ மிஞ்சியது. சரி. பசிக்கிறதா என்றால் சரி. பசிக்கவில்லையா என்றால் அதற்கும் சரி. முதுகு வலிக்கிறதா, ஜன்னலை மூடவா, இன்றைக்கு என்ன கிழமை, எதைக் கேட்டாலும் சரி. வேறு ஏதோ சொல்ல வந்து, வாய் கோணி, முகம் சிவந்து, கடைசியில் வெளியே விழுவது அந்தச் சொல்தான். "வாழ்நாள் பூரா நான் சொன்ன ஒண்ணுக்காவது சரின்னு சொன்னதில்ல இந்த மனுஷன். இப்ப பாருங்க," என்று ஆரம்பத்தில் வந்து பார்த்தவர்களிடம் சொல்லிச் சிரித்தாள். சிரிக்காமல் வேறு என்ன செய்வது.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். "சின்னக் கீறல்கூட விழாமப் பாத்துக்கோங்கம்மா," என்றார் டாக்டர். "ரத்தம் லேசுல நிக்காது. கழுத்துல கிழுத்துல ஆழமாப் பட்டுச்சுன்னா நீங்க இங்க கொண்டு வந்து சேர்க்கிறதுக்குள்ள முடிஞ்சிரும்." பக்கத்தில் நின்ற நர்ஸ், தாடியை வளரவிடலாம், இல்லாவிட்டால் கடையில் விற்கிற பிளாஸ்டிக் ரேசர் வாங்கிக்கொள்ளலாம் என்றாள். கல்லுக்காரி அவளைப் பார்த்த பார்வையில் நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். ஊருக்கெல்லாம் கத்தி தீட்டுகிறவள் வீட்டில் பிளாஸ்டிக்கா. அதுவும் கூடப்பிறந்த தம்பி தெருமுனையில் சலூன் வைத்திருக்கும்போது.

அந்தத் தம்பி தினமும் காலையில் கடையைத் திறப்பதற்கு முன்னால் அக்கா வீட்டுக்கு வந்து அத்தானுக்குச் சவரம் செய்துவிட்டுப் போனான். ஒரு நாள்கூடத் தவறவில்லை. "இந்தக் காலத்துல யாருங்க இப்படிப் பாப்பாங்க," என்று பக்கத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். கல்லுக்காரிக்குக் கேட்கக் கேட்கக் குளிர்ந்தது. முதல் நாள் ராத்திரியே கத்தியைப் பதமாக்கி, காலையில் தோல்பட்டையில் நாலு இழு இழுத்துத் தம்பி கையில் கொடுத்துவிட்டு அவள் தன் மேஜைக்குப் போய்விடுவாள். அங்கிருந்து பார்த்தால் திறந்த கதவு வழியாகத் தம்பியின் முதுகு தெரியும். அத்தானின் கால் தெரியும். வேறு ஒன்றும் தெரியாது.

வெட்டு விழ ஆரம்பித்தது மழைக்காலத்தில். முதலில் காதுக்குக் கீழே ஒரு கீறல். படிகாரத்தை வைத்து அழுத்தியும் துண்டு நனைந்துகொண்டே போனது. "கத்தி இழுக்குதுக்கா," என்றான் தம்பி.

"மஞ்சக் கல்லுல போட்டுத்தானடா குடுத்தேன்."

"நான் என்ன பொய்யா சொல்றேன். தாடைக்குக் கீழ வரும்போது மாட்டுது."

வேறு வீடாக இருந்தால் சவரம் செய்தவனைத் திட்டியிருப்பார்கள். இந்த வீட்டில் அப்படி யாருக்கும் தோன்றாது. வெட்டு விழுந்தால் கத்தி மொண்ணை. மொண்ணைக் கத்தியைத்தான் அழுத்த வேண்டிவரும், அழுத்தினால்தான் தோல் கிழியும், இது தொழில் தெரிந்த எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆகவே அவள் இன்னும் கூர்மையாக்கினாள். அடுத்த வெட்டு விழுந்தது, முன்னதைவிடச் சற்று ஆழமாக. லென்ஸை எடுத்துக் கத்தியின் கூர் விளிம்பை, அதன் வாயைப் பார்த்தாள். ஒரு பொக்கு இல்லை, ஒரு பிசிறு இல்லை. அப்படியானால் தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு, மறுபடி நடுக்கல்லிலிருந்து ஆரம்பித்து, இதற்கு மேல் ஒரு கத்தி கூராகாது என்கிற அளவுக்குக் கொண்டுபோனாள். அதுவும் இழுத்தது. அன்றைக்கு ரத்தம் நிற்க மத்தியானம் ஆனது. தலையணை உறையை அவள் இரண்டு தண்ணீர் மாற்றிக் கசக்கினாள்.

தம்பி சோப்புக் கிண்ணத்தோடு கட்டிலருகே போனதும் அவர் கண்ணில் தண்ணீர் வழிவதை அவள் பலமுறை பார்த்திருந்தாள். பக்கவாதம் வந்தவர்கள் காரணமில்லாமல் அழுவார்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். கல்லுக்காரி அதற்குத் தானாக ஒரு காரணம் கண்டுபிடித்தாள். "பாருடா, உன்னப் பாத்ததும் உங்க அத்தானுக்குக் கண்ணு கலங்குது. பாசம்," என்று துண்டால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். அவர் "சரி, சரி, சரி" என்றார். தம்பி நுரையைக் குழைத்துக்கொண்டிருந்தான்.

மறுபடியும் கோடு விழுந்து, அவள் கண்டதையெல்லாம் தீட்டித் தள்ளிய அந்த நாளில்தான் தம்பி சாயந்தரமாக வந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேஜையில் வைத்தான்.

"பழைய சாமான் சந்தையில கெடச்சுது. இப்ப வர்ற எஃகுல உசுரு இல்லக்கா. இது அந்தக் காலத்துச் சாமான். இத மட்டும் பதம் பண்ணிக் குடு, அத்தானுக்கு இதுலயே போட்டுரலாம்."

பிரித்துப் பார்த்தாள். சவரக்கத்திதான், ஆனால் இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. அலகு அகலமாக, கன்னங்கரேலென்று துருவேறிக் கிடந்தது. கொம்பில் செய்த பிடியைப் பூச்சி அரித்திருந்தது. நுனி கூராகவும் இல்லாமல் சதுரமாகவும் இல்லாமல், யாரோ வேண்டுமென்றே மழுக்கின மாதிரி உருண்டையாக இருந்தது.

"எங்கடா பொறுக்கின இத. குப்பையில போட்டாக் குப்பை கோவிச்சுக்கும்."

"நீ தீட்டிப் பாரு, அப்புறம் பேசு." வாசல்வரை போனவன் நின்றான். "முதுகுல ரெண்டு கோடு இருக்கும் பாரு. அத மட்டும் தேய்ச்சு அழிச்சிராத."

"எனக்கே பாடம் நடத்துறியா," என்று அவள் விரட்டினாள். முதுகில் இருக்கிற கோட்டைப் பற்றி ஒரு சலூன்காரனுக்கு என்ன கவலை என்று அப்போது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. புதுக் கத்தி கையில் கிடைத்தால் அவளுக்கு வேறு எதுவும் ஓடாது.

மறுநாள் காலைச் சவரத்துக்கு விடுமுறை விட்டாள். கழுத்துக் காயம் ஆறட்டும் என்றாள். தம்பி சற்றுத் தயங்கி நின்றுவிட்டுப் போனான். அன்று அவன் கடை திறந்ததா இல்லையா என்று அவள் கவனிக்கவில்லை. எண்ணெயில் ஊறவைத்திருந்த கத்தியை எடுத்துத் துடைக்கத் துடைக்கக் கறுப்புக்கு அடியிலிருந்து எஃகு எட்டிப் பார்த்தது. நல்ல எஃகு. நகத்தால் சுண்டினாள். சத்தம் மெல்லியதாக எழுந்து, விட்டுப்போக மனமில்லாமல் நின்றது. விரிசல் இல்லை. முத்திரையைத் தேடினாள். எந்தச் சவரக்கத்தியிலும் அலகின் கழுத்துப் பக்கம் செய்தவர் முத்திரை இருக்கும். இதில் இல்லை. தேய்ந்துபோகவும் இல்லை, முதலிலிருந்தே குத்தப்படவில்லை. யாரோ ஒருவர் தனக்கென்று சொல்லிச் செய்துகொண்ட கத்தி. கடையில் வைத்து விற்க முடியாத என்னவோ ஒன்று இதில் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

அப்புறம் அந்தக் கோடுகள். முதுகின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நூல் பிடித்து வெட்டின மாதிரி இரண்டு பள்ளம். அலங்காரம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஊசியால் பள்ளத்துக்குள் இருந்த அழுக்கைக் கிளறினால் பழைய சோப்பு பொடிப்பொடியாக வந்தது. அலங்காரமாக இருந்தால் இரண்டு முனையிலும் நின்றுபோயிருக்கும். இந்தப் பள்ளம் நுனியில் திறந்து கிடந்தது, பிடியை ஒட்டிய குதிப் பக்கம் முட்டி நின்றது. எதுவோ நுனி வழியாக உள்ளே நுழைந்து குதியில் போய் உட்காரும். என்னவாக இருக்கும் என்று கொஞ்ச நேரம் மூளையைக் கசக்கினாள். பிடிபடவில்லை. இருக்கட்டும், முதலில் வாய் வரட்டும் என்று கல்லை நனைத்தாள்.

சவரக்கத்தி தீட்டுவதில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. அலகைக் கல்லில் படுக்கப் போட வேண்டும். முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொட வேண்டும். தூக்கினால் கெட்டது. வாய் ஓரத்தில் கறுப்பு மையைத் தடவி நாலு தள்ளு தள்ளிப் பார்த்தாள். மை ஒரே சீராக அழிந்தது. கோணல் இல்லை. அதற்குப் பிறகு வேலை தானாக ஓடியது. முதலில் கரகரவென்று இருந்த சத்தம் வாய் படியப் படியக் குறைந்து, நைசுக் கல்லில் முணுமுணுப்பாகி, மஞ்சள் கல்லில் வெறும் ஈரச் சத்தமாக ஆனது. இப்படி ஒரு எஃகு கிடைக்கத் தவம் கிடக்க வேண்டும். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பக்கத்து அறையிலிருந்து "சரி" என்று கேட்டது.

"இதோ வந்துட்டேங்க," என்று குரல் கொடுத்துவிட்டுத் தள்ளினாள்.

"சரி. சரி." கல்லின் சத்தம் தேய்ந்துகொண்டே போகப் போக அந்தக் குரல் வேகமாக வந்தது. "சரி சரி சரி சரி." தண்ணீர் வேண்டுமோ என்று எழுந்து போனாள். போனதும் அவர் நிறுத்திவிட்டார். தலையணை நனைந்திருந்தது. தண்ணீர் கொடுத்தாள், குடிக்கவில்லை. திரும்பி வந்து கத்தியைக் கல்லில் வைத்ததும் அங்கே மறுபடி ஆரம்பித்தது. முன்பும் இப்படி நடந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தீட்டும்போது மட்டும். வெறும் கத்தரிக்கோல் தீட்டினால் அவர் பேசாமல் கிடப்பார். மஞ்சள் கல்லை எடுத்தால்தான்.

சத்தம் எரிச்சல் மூட்டுகிறது போல, பாவம் நோயாளி, என்று கதவைச் சாத்திவிட்டு வேலையை முடித்தாள். தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, ஒரு முனையைப் பிடித்து வாயின் மேல் மெல்ல இறக்கினாள். முடி பட்டதும் துண்டானது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வாய் அவள் கையால் வந்ததில்லை. கத்தியைத் துடைத்து, பிடிக்குள் மடக்கினாள்.

மடக்கியதும் அலகு உள்ளே ஆடியது. இதை அவள் முன்பே பார்த்திருக்க வேண்டும். பிடியின் இரண்டு கொம்புத் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி தேவைக்கு மேல் அகலமாக இருந்தது. இந்த அலகைப் போல இரண்டு அலகு போகிற இடம். டார்ச்சை அடித்து, லென்ஸை வைத்து உள்ளே பார்த்தாள். கொம்பின் உட்பக்கத்தில், வாய் வந்து உட்காரும் இடத்தை ஒட்டி, வரிசையாகச் சின்னச் சின்னக் கீறல்கள். ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. சீப்பை அழுத்தி எடுத்தால் விழுமே, அந்தத் தடம்.

முதுகுப் பள்ளத்தில் நுழைந்து, அலகைச் சுற்றி இறங்கி, வாய்க்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஒரு சீப்பு. அது மாட்டியிருந்தால் வாய் முடியை மட்டும் தொடும், தோலுக்குள் இறங்காது. எவ்வளவு நடுங்கினாலும் இறங்காது. அப்படி ஒன்று உண்டு என்று கத்தி விற்கிறவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டிருந்தாள், கண்ணால் பார்த்ததில்லை. கை நிலைக்காதவர்கள் செய்து வைத்துக்கொள்வார்களாம்.

முதுகுல ரெண்டு கோடு இருக்கும் பாரு, அத மட்டும் அழிச்சிராத.

லென்ஸைக் கீழே வைத்தாள். நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். தம்பி இப்போதெல்லாம் பொத்தான் வைத்த சட்டை போடுவதில்லை. டீயைப் பாதி டம்ளருக்கு மேல் ஊற்றவிடுவதில்லை, டாக்டர் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னார் என்று ஏதோ கதைவிட்டான். சாவியை அவளிடமே கொடுத்து "நீயே பூட்டிருக்கா" என்றான் ஒருநாள். எல்லாம் கண்ணெதிரே நடந்தது. முடியை இரண்டாகப் பிளக்கிற கண் என்று பேர் வாங்கி என்ன பிரயோஜனம். அவள் பார்த்ததெல்லாம் கத்தியின் வாயை. கத்தியைப் பிடித்திருந்த கையை ஒரு தடவை பார்த்தாளா?

மறுநாள் காலையில் தம்பி வந்தபோது அவள் மேஜையில் இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அது வழக்கமில்லை என்பதால் அவன் வாசற்படியிலேயே நின்றான்.

"ஆச்சாக்கா?"

"ஆச்சு. வாய் வந்திருக்கான்னு நீயே பாத்துக்கோ." கத்தியைத் திறந்து தன் கையிலேயே பிடித்துக்கொண்டு, ஒரு தலைமுடியை அவனிடம் நீட்டினாள். "வெட்டிக் காட்டு."

"நீ பாத்தாப் போதாதா."

"வெட்டிக் காட்டுடா."

அவன் முடியை வாங்கிக்கொண்டான். ஒரு முனையைப் பிடித்து உயர்த்தினான். மறுமுனை காற்றில் துடித்தது. ஜன்னல் சாத்தியிருந்தது, மின்விசிறி ஓடவில்லை. வாய்க்கு அருகே கொண்டுவரக் கொண்டுவரத் துடிப்பு கூடியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். இரண்டு கையும் சேர்ந்து ஆடின. முடி கீழே விழுந்தது. அவன் அதைத் தேடுகிறவன் போலக் குனிந்தான், நிமிரவில்லை.

"எப்பலேர்ந்து?"

"மழைக்கு முன்னாடிலேர்ந்தே. காலைலதான் ஜாஸ்தி. டாக்டர்கிட்ட போனேன், மாத்திரை குடுத்திருக்காரு. சில நாள் கேக்குது, சில நாள் கேக்கல."

"அப்புறம் எதுக்குடா கத்தியத் தூக்கிட்டு இங்க வந்த?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கடையில ஆளு வந்து உக்காந்தப்புறம் கை ஆடுச்சுன்னா என்னக்கா பண்றது. அன்னிக்குக் கை எப்படி இருக்குன்னு முன்னாடியே தெரியணும்ல. இங்க வந்து பாத்துக்குவேன். அத்தானுக்குக் கோடு விழலன்னாக் கடையத் திறப்பேன். விழுந்துச்சுன்னா அன்னிக்கு உடம்பு முடியலன்னு சாத்திருவேன்."

அவளுக்கு முதலில் காதில் விழுந்தது மட்டும்தான், உள்ளே போகவில்லை. போனபோது நாட்களை எண்ணிப் பார்த்தாள். வெட்டு விழுந்த ஒவ்வொரு நாளும் சலூன் சாத்திக் கிடந்தது. தம்பிக்கும் மனசு கஷ்டமாக இருக்கிறது போல என்று அவள்தான் டீயும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு போய் அவன் வீட்டுக் கதவைத் தட்டிச் சமாதானம் சொல்லிவிட்டு வந்தாள்.

"அத்தான்கிட்டக் கேட்டுத்தான் செஞ்சேன்," என்றான் அவன். "முத நாளே எல்லாத்தையும் சொன்னேன். கை ஆடுது அத்தான், வெளில தெரிஞ்சா யாரும் வரமாட்டாங்க, அக்காவுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிரும், உங்ககிட்டப் பாத்துக்கட்டுமான்னு கேட்டேன். சரின்னாரு."

"அவருக்கு அது ஒண்ணுதாண்டா வரும்."

"தெரியும்," என்றான் தம்பி.

அந்த ஒரு சொல்லுக்கு அவனை அடித்திருக்க வேண்டும். அவள் கையில் திறந்த கத்தி இருந்தது, அதனால் அசையவில்லை. மெதுவாக அதை மடக்கினாள். அவன் இப்போது அழுதுகொண்டிருந்தான்.

"கத்தி இழுக்குதுன்னு நான் சொன்னது சும்மாக்கா. நீ என் கையப் பாக்கக் கூடாதுன்னு சொன்னேன். நீ என்னடான்னா ஒவ்வொரு தடவையும் இன்னும் கூராக்கிக் குடுத்த. மொண்ணையா இருந்திருந்தா லேசா உரசிட்டுப் போயிருக்கும். நீ தீட்டினது பட்ட இடத்துல இறங்குச்சு. எப்படிச் சொல்லுவேன், கொஞ்சம் மழுங்கவிடுக்கான்னு உன்கிட்ட எப்படிச் சொல்லுவேன். இந்தக் கத்திக்கு ஒரு சீப்பு இருந்துச்சாம், தொலைஞ்சு போச்சுன்னான் சந்தைக்காரன். எங்கயாவது குடுத்து அந்த மாதிரி ஒண்ணு செஞ்சு மாட்டிக்கிட்டா உனக்குத் தெரியாமலே ஓட்டிரலாம்னு பாத்தேன்."

கல்லுக்காரி புருஷன் பக்கம் திரும்பினாள். அவர் இருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார். காதுக்கும் புத்திக்கும் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னது அவளுக்கு மறந்தே போயிருந்தது. வாய் பேசாதவரைக் குழந்தையாக்கிவிட்டாள். மழைக்காலம் முழுக்க இந்த மனுஷன் கழுத்தைக் கொடுத்துக்கொண்டு படுத்திருந்தார், கத்தவும் வழியில்லாமல். அவள் கண்ணைத் துடைத்துவிட்டுப் பாசம் என்றாள்.

"அவன் உங்களக் கேட்ட மாதிரி நான் கேக்கமாட்டேங்க," என்றாள். "நீங்க வாயத் திறக்க வேண்டாம். இந்தக் கத்தி யார் கையில இருக்கணும், யார்கிட்ட இருக்கக் கூடாது, நீங்களே குடுங்க. நீங்க குடுக்கிறதுதான் முடிவு." மடக்கின கத்தியை அவருடைய இடது கைப்பக்கம் போர்வை மேல் வைத்தாள். தன் கையை நீட்டினாள். தம்பியும் என்ன செய்கிறோம் என்று தெரியாமல், ஆடுகிற கையை நீட்டினான்.

அவர் விரல்கள் போர்வையில் ஊர்ந்து போய்க் கத்தியைத் தொட்டன. தடவிப் பார்த்தன. பிறகு மூடிக்கொண்டன. தம்பியை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. தம்பி கையைத் தானாகவே இறக்கிக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றான்.

அவள் நீட்டின கையோடு காத்திருந்தாள். தன்னிடம்தான் தருவார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. யாரிடம் வேறு தருவார்.

அவர் தரவில்லை. கத்தியை மெல்ல இழுத்துத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கண் அவள் மேலேயே இருந்தது, தம்பி கிண்ணத்தோடு வரும்போது இருந்த அதே கண். நடுங்குகிற கை நுரையோடு ஐந்து நிமிஷம் வந்து போகும். ஆனால் அதற்கு முன்னால் ராத்திரி முழுக்க, சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, வாய் சிறுக்கச் சிறுக்கத் தீட்டிக்கொண்டிருந்தது யார்? சரி சரி என்று அவர் கூப்பிட்டபோதெல்லாம் இதோ வந்துட்டேன் என்று சொல்லிக்கொண்டே தீட்டியது யார்? காலையில் கொண்டு வந்து கையில் கொடுத்தது யார்?

"நான்தாங்க. குடுங்க," என்றாள்.

அவர் சரி என்று சொல்லவில்லை. அவள் குனிந்து விரலைப் பிரிக்கப் பார்த்தாள். லாரி ஸ்டியரிங்கைப் பிடித்த கை, இடது கையாக இருந்தாலும் அதில் இன்னும் பலம் இருந்தது. அவள் தொட்டதும் அவர் கையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டு, தலையணையில் தாடையைத் தாழ்த்திக் கழுத்தை மறைத்தார்.